தள்ளாடுகிறவரெல்லாம் குடித்தவரா?

அழுக்குச் சட்டை, கலைந்த தலை, குழறும் பேச்சு. இப்படி ஒருவர் சாலையோரம் சாய்ந்து கிடந்தால், "குடிச்சுட்டுக் கெடக்கான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவசரப் பிரிவு வரைக்கும் அந்தச் சொல் கூடவே வருகிறது. கொண்டுவந்து சேர்ப்பவர் "போதை கேஸ்" என்று சொல்லிவிட்டால், உள்ளே இருப்பவர்களின் வேகமும் ஒரு படி குறைகிறது. அதில்தான் ஆபத்து.

இதே கோலத்தைக் கொண்டுவரக்கூடியது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது. இன்சுலினோ சிலவகைச் சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் போதும். ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கும்போது நடுக்கமும் படபடப்பும் வரும். 54-க்கும் கீழே போனால் மூளை தடுமாறும்: உளறல், கோபம், உதவ வந்தவரின் கையையே தட்டிவிடுவது. தோலைத் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சில்லென்று வியர்த்திருக்கும். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேர்ந்தவருக்கோ மூச்சில் பழ வாடை அடிக்கும். அதைச் சாராய நெடி என்று எண்ணிவிடுவதும் உண்டு.

அடுத்தது பக்கவாதம். சிரிக்கச் சொல்லுங்கள், இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ சந்தேகிக்க வேண்டும். சிறுமூளையில் அடைப்பு என்றால் இவை எதுவும் இல்லாமல் வெறும் தள்ளாட்டமும் வாந்தியும் மட்டும்கூட வரலாம். மூளை நாளத்தை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம். "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்" என்று விட்டால் அது கைநழுவும்.

சரி, உண்மையிலேயே குடித்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை மது தடுக்கும்; அதனாலும் தாழ்சர்க்கரை வரலாம். விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். மது வாடை இவற்றில் எதையும் இல்லையென்று ஆக்கிவிடாது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சில நொடி போதும். உடை எப்படியிருந்தாலும் அதை விடக்கூடாது.

நினைவோடு இருந்து, நன்றாக விழுங்கவும் முடிந்தால், மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. அதற்காக ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். மயக்கத்தில் இருந்தாலோ ஒரு பக்கம் தளர்ந்திருந்தாலோ வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்போது "யாரோ குடிச்சுட்டு விழுந்துட்டாங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "பேச்சு குழறுது, வலது கையைத் தூக்க முடியல, 9.20-க்கு நான் பார்த்தப்பவே இப்படித்தான் இருந்தார், அதுக்கு முன்னாடி தெரியல" என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள்.