தெளிவான சட்டத்துக்கு ஒரு பொதுத் தரம்

கொழும்பில் ஓர் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்டு விண்ணப்பித்தவர், பதில் எத்தனை நாளில் வரவேண்டும் என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் புரட்டினால், அங்கே பல காலக்கெடுக்களைக் காண்பார். கோரிக்கை கிடைத்த 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். கொடுப்பதென முடிவானால், அம்முடிவிலிருந்து 14 நாட்களுக்குள் தகவலை வழங்க வேண்டும். முதற்கணக்கில் விடுமுறை நாட்கள் சேரா, இரண்டாவதில் சேரும். விண்ணப்பித்த பிரசையின் உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலாயின் கெடு 48 மணித்தியாலம். விண்ணப்பித்தது ஒரு சங்கமாக இருந்தால், அதற்கு இவ்வுரிமை உண்டா என்பது 25ஆம் பிரிவிலும் இல்லை, உரிமையை வழங்கும் 3ஆம் பிரிவிலும் இல்லை. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் பிரசைகளாக உள்ள அமைப்பும் பிரசையே என்னும் வரைவிலக்கணம் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில், 43ஆம் பிரிவில் இருக்கிறது. ஆக, விடை சட்டத்துக்குள் இருப்பதும் அதை வாசகர் கண்டெடுப்பதும் வெவ்வேறு விடயங்கள். இந்த இடைவெளியை அளந்து பார்க்கவும் குறைக்கவும் நாடுகள் சேர்ந்து பொதுத் தரங்களை வகுத்து வருகின்றன.

அவற்றுள் அண்மையது ஐ.எஸ்.ஓ. எனப்படும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 24495 என்னும் எளிய மொழித் தரம். அதன் முதற்பகுதி 2023இலும், சட்டத் தொடர்பாடலுக்கான இரண்டாம் பகுதி 2025இலும் வெளியாகின. மொழியையும் கலைச்சொற்களையும் கவனிக்கும் 37ஆம் இலக்கத் தொழினுட்பக் குழு வரைவை எழுதி, உறுப்பு நாடுகளின் தர நிறுவனங்களுக்கு அனுப்பி, கருத்துப் பெற்றுத் திருத்தி வாக்கெடுப்புக்கு விடும். பங்கேற்பு உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்து, எதிர் வாக்குகள் மொத்தத்தில் நான்கில் ஒன்றைத் தாண்டாதிருந்தால்தான் வரைவு தரமாகும். ஐ.எஸ்.ஓ.வில் இலங்கையின் இடம் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்துக்குரியது.

வாக்கியம் இத்தனை சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற எண்ணிக்கை விதிகளை எல்லா மொழிகளுக்கும் பொதுவாக வகுக்க இயலாது. தரம் வகுப்பது நான்கு கோட்பாடுகளை: வாசகருக்கு வேண்டியது எழுத்தில் இருக்க வேண்டும், அதை அவர் எளிதில் கண்டுபிடிக்க வேண்டும், கண்டது விளங்க வேண்டும், விளங்கியதைக் கொண்டு அவர் தம் காரியத்தைச் செய்துகொள்ள முடிய வேண்டும். இந்நான்கும் எழுதுபவரின் திருப்தியைக் கேட்பவை அல்ல. வாசிப்பவரைக் கொண்டு சோதிக்கத்தக்கவை. இத்தரத்தின் உண்மையான வலு அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

சட்ட வாசகத்தை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரும் முயற்சி புதிதன்று. 1843இலேயே ஜோர்ஜ் கூட் என்னும் ஆங்கிலேயச் சட்டத்தரணி, சட்ட வாக்கியம் ஒன்றில் விதி பொருந்தும் சூழல், நிறைவேற வேண்டிய நிபந்தனை, கடமையோ உரிமையோ உடையவர், அவர் செய்ய வேண்டிய செயல் ஆகிய நான்கும் இதே வரிசையில் அமைய வேண்டும் என்றார். பொதுநலவாய நாடுகளின் சட்டவரைஞர்கள் 1983இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்கள் 1998 டிசம்பரில் வரைவுத் தரம் பற்றிய பொது வழிகாட்டு நெறிகளுக்கு உடன்பட்டன. இன்று 24 அரச கரும மொழிகளில் சட்டம் வெளியிடும் அவ்வொன்றியத்தில், பிற மொழிக்குக் கொண்டுசெல்ல முடியாத வாக்கியம் மூலத்திலேயே குறையுள்ளதாகக் கருதப்படுவது இயல்பே.

சட்ட மொழி கடினமாக இருப்பதற்குச் சட்டக் கருத்துகளின் சிக்கல்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர் குழுவொன்று 2022இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது. ஒரே பொருளுடைய ஒப்பந்த வாசகங்களைச் சட்ட நடையிலும் எளிய நடையிலும் மக்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, நினைவில் நிற்பதை மிகுதியாகக் குலைத்தது வாக்கியத்தின் நடுவே செருகப்பட்ட இன்னொரு வாக்கியமே. எழுவாயைப் படித்த மூளை, அதற்குரிய பயனிலை வரும்வரை அதைச் சுமந்தபடியே இடையில் வரும் செய்தியையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. செயற்படும் நினைவின் கொள்ளளவோ சிறியது. அதே குழு அடுத்த ஆண்டில் சட்டத்தரணிகளையும் சோதித்தது. அவர்களுக்கும் எளிய நடையே நன்கு விளங்கியது. அதன் சட்டவலு குறைந்தது என்றும் அவர்கள் எண்ணவில்லை.

ஆங்கிலத்தில் கண்ட இம்முடிவைத் தமிழுக்கு அப்படியே எடுத்துவர முடியாது. தமிழில் பயனிலை இறுதியில் வருவதால், எழுவாயை முதலில் வைத்த கணமே இடைவெளி திறந்துவிடுகிறது. எச்சங்களை அடுக்க அடுக்க அது நீள்கிறது. விளக்கத்துக்காக நானே எழுதிய ஒரு வாசகம் இது: "தகவல் அலுவலர், 24ஆம் பிரிவின் கீழ் பிரசையொருவரினால் செய்யப்பட்டதும் விதிவிலக்குகளுள் அடங்காததும் விதித்துரைக்கப்பட்ட கட்டணம் செலுத்தப்பட்டதுமான கோரிக்கையொன்றில் கோரப்பட்ட தகவலை வழங்குதல் வேண்டும்." அதையே இப்படியும் எழுதலாம்: "பிரசை ஒருவர் 24ஆம் பிரிவின்படி தகவல் கோரும்போது, அது விதிவிலக்குகளுள் அடங்காதிருந்து, அவர் விதித்துரைக்கப்பட்ட கட்டணத்தையும் செலுத்தியிருந்தால், தகவல் அலுவலர் அதை வழங்க வேண்டும்." இரண்டிலும் நிபந்தனைகள் அவையே. இரண்டாவதில் சூழலும் நிபந்தனையும் முன்னே வர, கடமைக்குரியவர் தம் வினைக்கு அருகில் நிற்கிறார். கூட் ஆங்கிலேயருக்குப் பரிந்துரைத்த வரிசை, "செய்தால், செய்யாவிட்டால்" என்று தொடங்கிப் பேசும் தமிழரின் வழக்கத்தோடு தானாகவே பொருந்திவிடுகிறது.

வாக்கியத்தைத் தாண்டிய தடையும் ஒன்று உண்டு. திருத்தச் சட்டங்கள், முதன்மைச் சட்டவாக்கத்தின் இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை இடுக என்று மட்டும் சொல்வதால், அவற்றைத் தனியே படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஆபிரிக்கப் பாராளுமன்றங்களுக்கான ஐ.நா. திட்டமொன்றில் உருவாகி, 2018இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட அக்கோமா ந்தோசோ என்னும் கணினி வடிவம் இதற்கொரு வழி. அது ஒவ்வொரு பிரிவுக்கும் உட்பிரிவுக்கும் தனி அடையாளமும் நடைமுறைக்கு வந்த திகதியும் தருகிறது. குறித்த ஒரு நாளில் சட்டம் எப்படி இருந்தது என்பதைக் கணினி தொகுத்துக் காட்ட அது உதவுகிறது.

நமது நாட்டில் தெளிவு தேவைப்படும் நேரம் மிகக் குறுகியது. சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகிப் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற பின், குறித்த சில நாட்களுக்குள்தான் பிரசை ஒருவர் அதை உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம். சபாநாயகரின் சான்றுரை இடப்பட்டுவிட்டால், அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரைப்படி எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் வலிதுடைமையை வினவ முடியாது. அந்தச் சில நாட்களுக்குள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழில் படிப்பவருக்கு வரைவு விளங்காமற்போனால், பின்னர் விளங்கிப் பெரும் பயனில்லை. அதோடு, சிங்கள, தமிழ் வாசகங்களுக்கிடையே ஒவ்வாமை இருப்பின் சிங்கள வாசகமே மேலோங்கும் என்ற பிரிவு நமது சட்டங்களின் இறுதியில் வழமையாக இடம்பெறுகிறது. கனடாவின் மத்திய அரசில் 1978 முதல் ஆங்கில, பிரெஞ்சு வரைஞர்கள் அருகருகே அமர்ந்து இரு வாசகங்களையும் ஒரே வேளையில் எழுதுகின்றனர். இரண்டும் சம வலுவுடையவை. ஒருவர் எழுத முடியாமல் தடுமாறும் இடத்தில், மற்றவரின் வாக்கியத்தில் ஒளிந்திருந்த ஈரடியான பொருள் வெளிப்பட்டுவிடும். தமிழ் வாசகமும் அப்படி எழுதப்பட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஐ.எஸ்.ஓ. தன் தரங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் மீளாய்வுக்கு எடுக்கும் என்பதால், 2023இல் வந்த முதற்பகுதி 2028அளவில் மீண்டும் உறுப்பு நாடுகளின் முன் வரவேண்டும். அதற்குள் நமது பல்கலைக்கழகங்களின் சட்டத்துறையும் மொழித்துறையும் சேர்ந்து, ஒரு சட்டத்தின் சில பிரிவுகளை இரு நடைகளில் எழுதி, தமிழ் வாசகர்களிடம் கொடுத்து, எத்தனை பேர் சரியான கெடுவைக் கணக்கிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அம்முடிவுகளை இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் ஊடாக அனுப்பிவைக்கலாம்.