பில்ட் எந்த மடையில் அடைத்துக்கொண்டது?

குளத்தின் நீர்மட்டத்தை அளந்து செல்போனுக்குத் தகவல் அனுப்பும் சிறு நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொழி சி++. எழுதுவது பாளையங்கோட்டைக் கல்லூரி லேபில், விண்டோஸ் கணினியில். சோதிப்பது மேலப்பாளையத்து வீட்டு லேப்டாப்பில், உபுண்டுவில். கடைசியில் ஓட வேண்டியது குளக்கரை மதகுப் பக்கம் பெட்டிக்குள் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் (இனி சுருக்கமாகப் 'பை').

லேபில் நன்றாக ஓடியதை ஃபோல்டரோடு பென்டிரைவில் அள்ளி வந்து வீட்டில் பில்ட் கொடுத்தால், அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக்கச் சொன்னால், சீமேக் என்ற பில்ட் கருவி எடுத்த எடுப்பில் நின்றுவிடும். "இந்த கேஷ் கோப்பு உருவான இடம் வேறு, நீ நிற்கும் இடம் வேறு" என்பதுதான் அது காட்டும் எர்ரரின் பொருள். நிரலில் ஒரு தப்பும் இல்லை. பென்டிரைவில் வரக்கூடாத ஒன்று ஏறி வந்துவிட்டது. அது என்ன என்பதற்கு முன், பில்ட் கொடுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மூலக்கோப்பு ஒவ்வொன்றையும் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றித் தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்பாக்குகிறது. அவற்றையும் வெளி லைப்ரரிகளையும் லிங்கர் சேர்த்து ஓடும் நிரலாக்குகிறது. எது முடிந்தபின் எது என்ற வரிசைதான் இதில் முக்கியம். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு, அதனதன் கால்வாய், கால்வாயில் கோத்த குளங்கள். மேல்குளம் பெருகி மறுகால் விழுந்தால்தான் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர். கீழ்க்குளத்துத் தண்ணீர் சுற்றிவந்து மேல்குளத்தில் ஏறாது. பில்டிலும் அப்படிச் சுற்றக் கூடாது. இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் கருவிகள் மேக், நிஞ்ஜா. சுற்றினால் மேக் அந்தத் தொடர்பை வெட்டிவிட்டு எச்சரிக்கும். நிஞ்ஜா வேலையையே நிறுத்திவிடும்.

மேக் என்பது 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்த சகா ஒருவர், சரியாக இருந்த நிரலில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடியதுதான் அதற்கு வித்து. மேக்கின் தந்திரம் ஒன்றே ஒன்று: ஆப்ஜெக்ட் கோப்பைவிட மூலக்கோப்பின் மாற்றிய நேரம் புதிதா? புதிதென்றால் மறுபடி கம்பைல் செய், இல்லையென்றால் தொடாதே. கடிகாரத்தை அது அப்படியே நம்புகிறது. இந்த நம்பிக்கை குளக்கரையில் நம்மைக் கவிழ்க்கும்; அதைப் பின்னால் பார்ப்போம். 2012இல் கூகுள் குரோமுக்காக இவான் மார்ட்டின் வெளியிட்ட நிஞ்ஜா, நேரத்தோடு கம்பைலருக்குக் கொடுத்த கட்டளையின் சுருக்கக் குறியையும் பதிந்து வைக்கிறது. கட்டளையில் ஒரு கொடி (கூடவே கொடுக்கும் விருப்பக் குறி) மாறினாலும் அதற்குத் தெரிந்துவிடும். கையால் எழுதிய மேக்ஃபைலுக்கு அது தெரியாது.

சீமேக் இதற்கு ஒரு படி மேலே நிற்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் பணம் கொடுத்து உருவான மருத்துவப் படிமக் கருவித்தொகுப்பு எல்லா இயங்குதளத்திலும் பில்ட் ஆக வேண்டும் என்பதற்காக கிட்வேர் நிறுவனம் எழுதி 2000இல் வெளியிட்டது. சீமேக் நேரடியாக எதையும் கம்பைல் செய்வதில்லை. நாம் எழுதிய சீமேக்லிஸ்ட்ஸ் கோப்பைப் படித்து, லினக்ஸில் மேக்ஃபைலோ நிஞ்ஜா கோப்போ, விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ புராஜெக்டோ, மேக்ஓஎஸ்ஸில் எக்ஸ்கோடு புராஜெக்டோ எழுதித் தருகிறது. ஆக மூன்று மடை: முதலில் கணினியைத் துழாவும் கன்ஃபிகர், அடுத்து கட்டளைக் கோப்பு எழுதும் ஜெனரேட், கடைசியில் கம்பைலரும் லிங்கரும் ஓடும் பில்ட். எர்ரர் வந்தால் எந்த மடையில் வந்தது என்பதை முதலில் பாருங்கள். கன்ஃபிகரில் விழுந்த எர்ரருக்கு மூலநிரலைத் திருத்திக்கொண்டிருப்பது, மேல்மடையை அடைத்துவிட்டுக் கீழ்வயலில் வரப்பு வெட்டுவது போன்றது. இன்னொன்று: திரையின் கடைசி எர்ரரைப் படிக்காதீர்கள், முதல் எர்ரரைப் படியுங்கள். ஒரு தலைப்புக்கோப்பு (இன்க்ளூட் வரியில் சேர்க்கும் கோப்பு) கிடைக்காமல் போனால் அதன் வாலாக இருநூறு எர்ரர் வரும். ஒரே நேரத்தில் பல கோப்பு கம்பைல் ஆகும்போது முதல் எர்ரர் மற்றவற்றோடு கலந்து மேலே ஓடிவிடும். மைனஸ் ஜே 1 என்று கொடுத்து ஒற்றை வரிசையில் ஓட்டினால் அது தனியாகத் தெரியும்.

இனி, பென்டிரைவில் ஏறி வந்தது. முதல் கன்ஃபிகரில் கண்டுபிடித்ததை எல்லாம் சீமேக் பில்ட் ஃபோல்டருக்குள் சீமேக்கேஷ் என்ற டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைக்கிறது. பலசரக்குக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு மாதிரி: எழுதியது எழுதியதுதான், அடித்தால் ஒழியப் போகாது. கம்பைலர் எங்கே, லைப்ரரி எங்கே, மூல ஃபோல்டர் எங்கே என்பதெல்லாம் முழுப் பாதையாக அதில் இருக்கும். லேபின் டி டிரைவ் பாதை வீட்டு உபுண்டுவில் எப்படிச் செல்லுபடியாகும்? ஆகவே பில்ட் ஃபோல்டரை எங்கும் கொண்டுபோகக் கூடாது. மூலக்கோப்புகள் மட்டும் பயணம் செய்யட்டும். இரண்டும் கலக்காமலிருக்க, சீமேக்குக்கு மைனஸ் எஸ் கொடுத்து மூல ஃபோல்டரையும் மைனஸ் பி கொடுத்துத் தனி பில்ட் ஃபோல்டரையும் காட்டுங்கள். இந்த வசதி 3.13 பதிப்பிலிருந்து உண்டு. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியை வைத்திருந்தால், எதைப் பதியக் கூடாது என்று அதற்குச் சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் பில்ட் ஃபோல்டரின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

பற்று நோட்டில் எது ஒட்டும், எது ஒட்டாது என்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். தேடிக் கிடைக்காத லைப்ரரியைச் சீமேக் அடுத்த முறை மறுபடி தேடும். ஆனால் கிடைத்த பாதையை மறுபடி தேடாது. அந்த லைப்ரரியை நீங்கள் அழித்துவிட்டு வேறிடத்தில் போட்டிருந்தாலும் பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும். "இந்தத் தலைப்புக்கோப்பு இருக்கிறதா", "இந்தச் சார்பு (ஃபங்ஷன்) இருக்கிறதா" என்ற செக் வகைச் சோதனைகள் இதைவிட மோசம். 'இல்லை' என்ற விடையும் நோட்டில் ஏறிவிடும். பிறகு பேக்கேஜை நிறுவினாலும் 'இல்லை' மாறாது. எந்தக் கம்பைலரால் எந்தக் கணினிக்கு பில்ட் செய்வது என்று சொல்லும் டூல்செயின் கோப்பை முதல் கன்ஃபிகரில் கொடுக்காமல் இரண்டாவதில் கொடுத்தால், கொடுத்த மாறி பயன்படவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். யாரும் அதைப் படிப்பதில்லை. மேக்ஃபைலா, நிஞ்ஜாவா, விஷுவல் ஸ்டுடியோவா என்ற தேர்வான ஜெனரேட்டரையும் நடுவில் மாற்ற முடியாது. இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: 3.24 பதிப்போ அதற்கு மேலோ என்றால் இரட்டை மைனஸ் ஃப்ரெஷ் கொடுத்துக் கன்ஃபிகர் செய்யுங்கள், கீழ் என்றால் பில்ட் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். அதில் இருப்பதெல்லாம் திரும்பச் செய்துகொள்ளக் கூடியவை, கைநடுங்க வேண்டாம்.

லைப்ரரி கிடைக்கவில்லை என்ற எர்ரர் அடுத்தது. இணையம் வழியாகத் தகவல் அனுப்ப நம் நிரல் கர்ல் லைப்ரரியைக் கேட்கிறது. உபுண்டுவில் கர்ல் கட்டளை ஓடுகிறது, ஆனாலும் சீமேக் கர்ல் இல்லை என்கிறது. ஓடுவதற்கான கோப்பு வேறு, அதை வைத்து பில்ட் செய்வதற்கான தலைப்புக்கோப்புகள் வேறு. உபுண்டுவிலும் ராஸ்பெர்ரி பையிலும் பெயர் 'டெவ்' என்று முடியும் பேக்கேஜையும் நிறுவ வேண்டும்: லிப்கர்ல்4-ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ். ஃபெடோராவில் அது 'டெவெல்'. வழக்கமில்லாத இடத்தில் நிறுவியிருந்தால் சீமேக் பிரிஃபிக்ஸ் பாத் மாறியில் அந்த ஃபோல்டரைக் கொடுங்கள். அப்போதும் கிடைக்கவில்லை என்றால் இரட்டை மைனஸ் டீபக்-ஃபைண்ட் கொடுத்துப் பாருங்கள். எந்தெந்தக் கதவைத் தட்டியது என்று சீமேக் வரிசையாகச் சொல்லும். 3.26 பதிப்பிலிருந்து சோதனைகளின் முழு விவரம் சீமேக்ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் கன்ஃபிகர்லாக் என்ற யாம்ல் கோப்பில் இருக்கிறது.

2025இல் வந்த சீமேக் 4.0 பலரைத் திடுக்கிட வைத்தது. 3.5க்கு முந்தைய பதிப்பு போதும் என்று சீமேக்லிஸ்ட்ஸ் கோப்பின் தொடக்கத்தில் எழுதியிருக்கும் பழைய புராஜெக்ட்களை அது ஏற்காது. சீமேக் பாலிசி வெர்ஷன் மினிமம் என்ற மாறியை 3.5 என்று மைனஸ் டி வழியாகக் கொடுத்து அப்போதைக்குத் தாண்டலாம். நம்முடைய கோப்பாக இருந்தால் முதல் வரியைத் திருத்துவதே முறை.

பிழை தேடுவதற்கான டீபக் பில்ட், வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்ட் என்ற இரண்டுக்குமான குழப்பம் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் பிறக்கிறது. மேக்ஃபைலுக்கும் நிஞ்ஜாவுக்கும் எந்த வகை என்று கன்ஃபிகரிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேகப்படுத்தும் கொடி ஒன்றும் இல்லாத வெறும் பில்ட் கிடைக்கும். விஷுவல் ஸ்டுடியோவோ கன்ஃபிகரில் சொன்னதைக் காதில் வாங்காது. பில்ட் கட்டளையில் இரட்டை மைனஸ் கன்ஃபிக் ரிலீஸ் என்று சொல்ல வேண்டும். அங்கே டீபக் லைப்ரரியையும் ரிலீஸ் நிரலையும் சேர்த்து லிங்க் செய்தால் எல்என்கே 2038 என்ற எர்ரர் வரும். இரண்டுக்கும் அடியில் இருக்கும் ரன்டைம் வேறு வேறு என்பதே அதன் பொருள்.

லினக்ஸ் பக்கம் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (கேட்ட சார்பு எங்கும் கிடைக்கவில்லை) வந்தால் முதலில் லைப்ரரிகளின் வரிசையைப் பாருங்கள். குனு லிங்கர் இடமிருந்து வலமாக ஒருமுறைதான் நடக்கும். கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால் நிற்க வேண்டும். சீமேக்கில் டார்கெட் லிங்க் லைப்ரரீஸ் வழியாக எது எதைச் சார்ந்தது என்று சரியாக எழுதினால் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 'திருநெல்வேலி' என்ற பெயரில் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது 12 குறி, யூடிஎஃப்-8இல் 36 பைட். லினக்ஸ் இதை எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏற்கும். ஒரு பெயருக்கு 255 பைட் என்பதால் 85 தமிழ்க் குறிவரை இடம் உண்டு. விண்டோஸும் ஏற்கும். ஆனால் விண்டோஸின் பழைய ஆன்ஸி குறிப்பக்கங்களில் தமிழுக்கு ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பழைய வழியில் கோப்பைத் திறக்கும் கருவி பில்டில் ஒன்று இருந்தாலும், தமிழ் எழுத்துகள் அதற்குக் கேள்விக்குறிகளாகத் தெரியும். கேள்விக்குறி விண்டோஸ் கோப்புப் பெயரில் வரக்கூடாத குறி. ஆகவே கண்ணெதிரே இருக்கும் கோப்பை 'இல்லை' என்று சாதிக்கும். பயனர் பெயரே தமிழில் இருந்தால் தற்காலிகக் கோப்புகள் போகும் ஃபோல்டரும் தமிழாகிவிடும். அப்போது டெம்ப் மாறியை வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். தமிழில் பெயர் வைப்பது தவறில்லை, அதைக் கையாளத் தெரியாத கருவிதான் குறைபாடுள்ளது. இருந்தாலும் நாளைக்குச் சமர்ப்பிக்க வேண்டிய புராஜெக்டை சி டிரைவுக்கு நேர் கீழே இடைவெளி இல்லாத சின்ன ஆங்கிலப் பெயரில் வைப்பது நல்லது. பாதை முழுவதும் 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்ற விண்டோஸின் பழைய வரம்புக்கும் அது உதவும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். இன்க்ளூட் வரியில் உள்ள பெயர் கோப்பின் பெயரோடு எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கட்டும். விண்டோஸில் திருத்திய ஷெல் ஸ்கிரிப்டின் வரி முடிவில் ஒரு கூடுதல் குறி ஒட்டிக்கொள்ளும், லினக்ஸ் அதை இன்டர்பிரட்டர் பெயரோடு சேர்த்துப் படித்துத் தடுமாறும். கிட்டின் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் வரி முடிவை எல்எஃப், அதாவது லினக்ஸ் வழக்கம், என்று நிறுத்தி வையுங்கள்.

இப்போது கடிகாரம். விண்டோஸும் உபுண்டுவும் ஒரே லேப்டாப்பில் இருந்தால், மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலக நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மாறி மாறி ஏற்றினால் ஐந்தரை மணி நேரம் முன்னும் பின்னும் ஆடும். இணையம் இருந்தால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். குளக்கரையில் இணையம் நிச்சயமில்லை. ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரமே கிடையாது. மின்சாரம் போய் வந்தால் கடைசியாகப் பதிந்த நேரத்திலிருந்து அது தொடங்கும். அந்த நிலையில் பையில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் திருத்தினால், அதன் நேரம் பழைய ஆப்ஜெக்ட் கோப்பின் நேரத்துக்கும் முந்தியதாக விழலாம். மேக் 'மாற்றம் இல்லை' என்று சொல்லிவிடும். திருத்தம் நிரலில் ஏறவே ஏறாது. லேப்டாப்பிலிருந்து நகலெடுத்த கோப்பு என்றால் எதிர்ப்பக்கம்: பையின் கணக்கில் அது எதிர்காலக் கோப்பு. 'கிளாக் ஸ்க்யூ' எச்சரிக்கை வந்து, ஒவ்வொரு முறையும் எல்லாம் கம்பைல் ஆகும். டேட் கட்டளையில் நேரத்தைச் சரிசெய்து, மூலக்கோப்புகளை டச் செய்து, ஆப்ஜெக்ட்களைக் கிளீன் செய்துவிட்டுத் தொடங்குங்கள். நிரந்தரத் தீர்வு டிஎஸ்3231 கடிகாரத் துண்டு. பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் பிசகு, ஆண்டுக்கு ஒரு நிமிட அளவு.

மின்சாரம் பில்டின் நடுவிலேயே போனால் பாதியில் நின்ற ஆப்ஜெக்ட் கோப்பு பூஜ்ய பைட்டாகக் கிடக்கும். ஆனால் அதன் நேரம் புதிது, மேக் தொடாது. லிங்கர் 'ஃபைல் ட்ரங்கேட்டட்' என்று கத்தும்போது அளவு பூஜ்யமான ஆப்ஜெக்ட்களை ஃபைண்ட் கட்டளையில் தேடி அழித்தால் போதும்.

பையில் மைனஸ் ஜே என்று எண் இல்லாமல் கொடுக்காதீர்கள். மேக் அதை வரம்பே இல்லை என்று புரிந்துகொண்டு எல்லாக் கோப்பையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும். 1 ஜிபி பலகையில் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு கம்பைலர் செத்துப்போகும். கொன்றது கெர்னல், காரணம் நினைவகப் பற்றாக்குறை. மைனஸ் ஜே 1 கொடுங்கள்.

அது மெதுவாக இருக்கிறது என்று லேப்டாப்பிலேயே ராஸ்பெர்ரி பைக்கான நிரலைக் கம்பைல் செய்பவர்கள் (இதற்குக் கிராஸ்-கம்பைல் என்று பெயர்), டூல்செயின் கோப்பில் சிஸ்டம் பெயர் லினக்ஸ், செயலி ஏஆர்ச்64 என்று எழுதி, ஃபைண்ட் ரூட் பாத் வகையில் லைப்ரரிக்கும் இன்க்ளூடுக்கும் 'ஒன்லி', புரோகிராமுக்கு 'நெவர்' என்று வைக்க வேண்டும். விட்டால் லேப்டாப்பின் இன்டெல் லைப்ரரியை எடுத்துவந்து லிங்கரிடம் கொடுத்துவிடும். லிங்க் ஆன பின்னும் பையில் 'எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்' வந்தால் ஃபைல் கட்டளையில் அது 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று வந்தால் பதிப்புப் பொருத்தம் இல்லை: உபுண்டு 22.04இல் ஜிலிப்சி 2.35, பையின் இயங்குதளத்தின் புல்ஸ்ஐ பதிப்பில் 2.31. பையின் சொந்த லைப்ரரிகளை ஆர்சிங்க் கட்டளையில் லேப்டாப்புக்கு எடுத்துவந்து சிஸ்ரூட் (கம்பைலர் லைப்ரரி தேடும் மூல ஃபோல்டர்) ஆக்கி, அதே பதிப்பு ஜிலிப்சியை எதிர்பார்க்கும் கம்பைலரோடு புதிய பில்ட் ஃபோல்டரில் முதலிலிருந்து கன்ஃபிகர் செய்யுங்கள்.