சுற்றின களைப்பு என்று தூங்கவிட்ட குழந்தை

2025-இல் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள் லீவு. நான் வேலை பார்க்கும் அவசர சிகிச்சைப் பிரிவைச் சுற்றி லாட்ஜுகள் அதிகம். இப்படி லீவு சேர்ந்து வந்தால் எங்களுக்கும் கூட்டம் கூடும். சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி வாக்கில் ஓர் ஆச்சி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார். பின்னாலேயே பையனின் அப்பா. "ஒண்ணுமில்லை டாக்டர், ரெண்டு நாளா சுத்துன களைப்பு. அசந்து தூங்குறான். அத்தைதான் பயப்படுறாங்க."

தென்காசிப் பக்கத்துக் குடும்பம். பையனுக்கு இரண்டேகால் வயது. வெள்ளிக்கிழமை காலை பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, எழும்பூர் அருங்காட்சியகம் போயிருக்கிறார்கள், மூடியிருந்தது. அங்கே வெள்ளிக்கிழமை எப்போதுமே விடுமுறை. சரி, வந்ததற்கு வேறு ஏதாவது பார்ப்போம் என்று தி.நகர், மறுநாள் மத்தியான வெயிலோடு மெரினா. இரண்டு நாளும் பையன் பகலில் தூங்கவில்லை. களைப்பு என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள்.

ஆச்சி கவனித்தது ஒன்றே ஒன்று. ஏசி அறையில் பையனின் பிடரி நனைந்திருந்தது. தலையணை உறையும் ஈரம். எழுப்பி உட்காரவைத்து ஒரு விள்ளல் தோசையை வாயில் வைத்தால், மெல்லாமல் அப்படியே வைத்திருந்தான். அதற்கு மேல் யாரிடமும் கேட்காமல் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சர்க்கரை 34, ரொம்பக் குறைவு. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, அம்மாவைத் தேடி வீறிட்டு அழுதான்.

அப்புறம்தான் "வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய்?" என்று கேட்டேன். வெளியே நின்றிருந்த தாத்தா உள்ளே வந்தார். மூன்று நாளைக்கு வேண்டிய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு பழைய விபூதி டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும் டப்பா. உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். சர்க்கரைக்குப் போடும் கிளிமிபிரைடு மாத்திரை ஒன்று குறைந்தது.

ஊரில் அந்த டப்பா பீரோவின் தலைமேல் இருக்கும். லாட்ஜில் பீரோ ஏது? கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை மேசை. இரண்டு வயதுப் பையனின் மார்பளவு உயரம்தான். வீட்டில் நம்மை அறியாமலே பல பொருள்களை உயரத்தில் வைத்துப் பழகியிருக்கிறோம். வெளியூர் அறையில் அந்தப் பழக்கம் உதவுவதில்லை.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் போன்றவையும் சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான், அவை இறக்குவது சர்க்கரையை அல்ல, ரத்த அழுத்தத்தை. விழுங்கிய உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துக்கூடச் சர்க்கரை இறங்கலாம், ஒருமுறை ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கலாம். அதனால் "நல்லாத்தானே விளையாடுறான்" என்று அறையிலேயே வைத்துப் பார்க்காதீர்கள். சந்தேகம் என்றாலே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். ஒரு நாளாவது வைத்திருந்து மணிக்கணக்கில் சோதிக்க வேண்டியிருக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். நல்ல நினைவோடு இருந்தால் வரும் வழியில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். அரைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தை வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

பிரித்துக் கொண்டுவருவதில் இருக்கும் கஷ்டமும் இதுதான். டப்பாவில் எல்லாம் வெள்ளை மாத்திரையாகக் கிடந்தால் எது என்ன என்று எங்களால் உடனே சொல்ல முடியாது. அந்தத் தாத்தாவுக்கு ஒவ்வொன்றின் பெயரும் தெரிந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஊர் சுற்ற வந்த இடத்தில் எல்லாக் கோளாறும் களைப்பு மாதிரியே தெரியும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, லீவு நாள் கூட்டத்தில் ஓட்டல் வாசலில் முக்கால் மணி நேரம் இடத்துக்குக் காத்திருப்பார்கள். பேச்சு குழறும், வியர்க்கும், சிடுசிடுப்பார்கள். "வெயில் ஒத்துக்கல" என்போம். நினைவிருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வெளியூரில் முதல் மாத்திரை, சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று தண்ணீர். வெளியே கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று பாட்டிமார் பலர் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சிலர் இதற்காகவே நீர் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அதையும் நடந்த களைப்பு என்று அவர்களே சொல்வார்கள், பிள்ளைகளின் லீவைக் கெடுக்கக் கூடாது என்று. நாமாகத்தான் கேட்க வேண்டும்: இன்றைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போனீர்கள், நீர் மாத்திரை போட்டீர்களா? இதைக் கேட்க மகனும் மருமகளும் கூச்சப்படக் கூடாது. கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் பெரும்பாலும் வழி இருக்கும். மெட்ரோ நிலையங்களில் கழிப்பறையும் லிஃப்டும் உண்டு, அதைக் கணக்கில் வைத்துப் பாதையைப் போடுங்கள்.

என்னைக் கேட்டால், ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பி, நாலு மணி வரை தாத்தாவும் பேரனும் படுக்கட்டும். இருவருக்கும் தேவை ஒன்றுதான்: நேரத்துக்குச் சோறு, தூக்கம், பக்கத்தில் கழிப்பறை. வண்டலூர் என்றால் கதவு திறந்ததும் போய் பேட்டரி வண்டியில் ஏறிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், பூங்காவுக்கு விடுமுறை. பகலில் நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தை சாயங்காலம் துவண்டால் அது களைப்பில்லை என்பது உடனே தெரிந்துவிடும். இதற்காகவே மத்தியானத் தூக்கத்தை நான் வற்புறுத்துகிறேன்.

கடற்கரையில் வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு இவற்றைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். புரையேறும்.

அன்று ராத்திரி முழுக்கத் தாத்தா வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். மகள் டீ வாங்கிக் கொடுத்தும் தொடவில்லை. "என் மாத்திரைதானே டாக்டர்" என்று இரண்டு தடவை சொன்னார். "அறையில் எல்லாரும்தான் இருந்தீங்க ஐயா, உங்க ஒருத்தர் தப்பு இல்லை" என்றேன். மருமகனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதையேதான் சொன்னார். குற்றம் சொல்வார்களோ என்று பயந்தால், அடுத்த தடவை ஒரு மாத்திரை குறையும்போது வாய்திறக்க மாட்டார்கள். எங்களுக்கு அந்த எண்ணிக்கைதான் வைத்தியம்.

திங்கட்கிழமை காலை அனுப்பிவைத்தோம். புதிதாக வாங்கிய மாத்திரைகளை அட்டையோடு சட்டைப் பையில் வைத்திருப்பதைத் தாத்தா என்னிடம் தட்டிக் காட்டினார். இடுப்பில் இருந்த பேரனின் கை அந்தப் பையைத்தான் துழாவிக்கொண்டிருந்தது. ஆச்சி அட்டைகளை உருவி எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, சின்னப் பூட்டைப் போட்டு, சாவியை ஊக்கில் கோத்துக்கொண்டார்.