தண்ணீரைக் காட்டியவர் யார்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் நூலகத்தில் பாலைவனப் புத்தகங்களுக்குக் கிராக்கி வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம். பள்ளி விடுமுறையும் அதை ஒட்டியே வருகிறது. பாலைவன நடுவில் நிற்கும் பெரும் பாறையான உலுரு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகர் என்று புறப்படும் குடும்பங்கள் போவதற்கு முன் ஏதாவது படிக்கலாம் என்று வருகின்றன. நம் தமிழ்க் குடும்பங்களும் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகவே வருகின்றன. நூற்பட்டியல் தயாரிப்பதும், கேட்டு வருபவருக்குப் பொருத்தமான நூலை எடுத்துக் கொடுப்பதும் என் தொழில். பாலைவன அலமாரி பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது.

அந்த அலமாரியில் பாதிக்கு மேல் பழைய நூல்கள். குதிரையிலும் ஒட்டகத்திலும் இந்தக் கண்டத்தின் நடுவே போய்த் திரும்பியவர்கள் எழுதியவை. போய்த் திரும்பாதவர்களைப் பற்றிப் பிறர் எழுதியவை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. நானே சிலவற்றை நான்கைந்து முறை படித்திருக்கிறேன். ஆனாலும் அவற்றை ஒரு வார்த்தை சொல்லாமல் இரவல் கொடுத்து அனுப்புவது சரியில்லை என்று என் அனுபவம் சொல்கிறது. அதனால் முன்னோடிகளின் நூல் கேட்டு வரும் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: பக்கத்துக்குப் பக்கம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே படியுங்கள். இந்தத் தண்ணீர் இருக்கும் இடத்தை இவருக்குக் காட்டியவர் யார்?

சார்லஸ் ஸ்டர்ட்டை எடுத்துக்கொள்வோம். 1844இல் அடிலெய்டிலிருந்து வடக்கே கிளம்பியவர், கண்டத்தின் நடுவில் கடல் இருக்கும் என்று நம்பிப் படகு ஒன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கடல் இல்லை. அடுத்த ஆண்டு கோடையில், வற்றாத ஒரு நீர்நிலையின் அருகே ஏறத்தாழ ஆறு மாதம் அவருடைய குழு மாட்டிக்கொண்டது. முன்னே போகவும் நீரில்லை, பின்னே திரும்பவும் நீரில்லை. அங்கே வெயில் எப்படி இருந்தது என்பதை அவர் தம் நூலில் சின்னச் சின்னப் பொருள்களைக் கொண்டே சொல்கிறார். பெட்டிகளில் முறுக்கியிருந்த திருகாணிகள் மரம் சுருங்கியதால் தாமாகக் கழன்று விழுந்தன. பென்சிலுக்குள் இருந்த கரிக்குச்சி நழுவி வெளியே வந்தது. பேனாவில் தொட்ட மை தாளைத் தொடுவதற்குள் காய்ந்தது.

வாசகர்கள் இந்தப் பக்கத்தைப் பற்றித்தான் என்னிடம் வியந்து பேசுவார்கள். நான் அவர்களை இன்னொரு பக்கத்துக்கு அழைத்துப் போவேன். 1845இன் பிற்பகுதியில், களைத்துப்போன குதிரைகளுடன் ஸ்டர்ட் ஒரு மணல்மேட்டில் ஏறி மறுபக்கம் பார்க்கிறார். கீழே முந்நூறு, நானூறு பேர் கொண்ட பூர்வகுடிக் கூட்டம். அவர்கள் மரத்தொட்டிகளில் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். இவர்கள் குடித்தபின் குதிரைகளுக்கும் கொடுக்கிறார்கள். குதிரை என்ற விலங்கையே அதற்கு முன் பார்த்திராதவர்கள், தொட்டியைத் தங்கள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, குதிரைகளின் மூக்கு ஏறக்குறைய அவர்கள் மேல் படும்படி அவை தண்ணீர் குடிக்கின்றன. ஸ்டர்ட் நன்றியோடு எழுதிவைத்த காட்சி இது. ‘மனிதரே இல்லாத பாழ்நிலத்தை வென்ற வீரர்’ என்று பின்னால் வந்தவர்கள் எழுதிய சுருக்க நூல்களில் இந்தத் தொட்டிகளைத் தேட வேண்டியிருக்கும். மூல நூலைப் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து, உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒரு விஷயம்.

சென்ற ஆண்டு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, பேரனுக்காக எடுத்துவைத்த செடி கொடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் விரலை வைத்து, “தம்பி, இது நம் வயலில் கிடக்கும் ஆரைக்கீரை அல்லவா?” என்றார். நான் அசந்துபோனேன். ஒரே காம்பின் நுனியில் நான்கு இலைகள் கூடி நிற்கும் அந்தச் செடி நார்டூ. ஆரைக்கீரையின் அதே பேரினம். பூக்காத, பெரணி வகைத் தாவரம். வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்த கண் ஒரு நொடியில் உறவைக் கண்டுபிடித்துவிட்டது. “அப்படியானால் போகிற வழியில் பறித்து ஆய்ந்து கூட்டு வைத்துவிடலாமே” என்று அவர் சொன்னபோதுதான், “வேண்டாம் அம்மா, உட்காருங்கள்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

1860 ஆகஸ்ட் 20 அன்று பர்க் தலைமையில், வில்ஸும் உடன் வர, மெல்பர்னிலிருந்து ஒரு பெரும் குழு புறப்பட்டது. தெற்கிலிருந்து வடக்குக் கடற்கரைவரை கண்டத்தைக் கடப்பது நோக்கம். வடக்குக் கடற்கரையை நெருங்கிவிட்டு, திரும்பும் வழியில் ஒருவரை இழந்து, பர்க், வில்ஸ், ஜான் கிங் ஆகிய மூன்று பேர் கூப்பர் ஓடையில் இருந்த முகாமுக்கு 1861 ஏப்ரல் 21 மாலை திரும்பினார்கள். நான்கு மாதம் காத்திருந்த துணைக்குழு அன்று காலையில்தான் அங்கிருந்து கிளம்பிப் போயிருந்தது. அந்தப் பகுதியின் யாண்ட்ருவாந்தா மக்கள் அவர்களுக்கு மீனும் நார்டூ மாவில் சுட்ட அப்பமும் கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் பர்க் துப்பாக்கியால் சுட, அம்மக்கள் விலகிப் போனார்கள். பிறகு மூவரும் நார்டூவின் கொட்டை போன்ற சிறு காய்களைத் தாங்களே பொறுக்கி, இடித்துத் தின்றார்கள். பசி எடுக்கிறது, நார்டூ வாய்க்குப் பிடித்தும் இருக்கிறது, ஆனால் உடம்பில் சத்தாகச் சேரவில்லை என்ற பொருளில் வில்ஸ் தம் நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் எழுதியிருக்கிறார். வயிறு நிறைந்தபடியே உடல் தேய்ந்தது.

நார்டூவில் பி1 வைட்டமினான தயமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. யாண்ட்ருவாந்தா பெண்கள் காயை வறுத்து, தண்ணீர்விட்டு அரைத்து, முறையாகப் பக்குவப்படுத்தியே உண்டார்கள். வெள்ளையர்கள் பொருளை எடுத்துக்கொண்டார்கள், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டினியோடு தயமின் குறைபாடும், அதாவது பெரிபெரி நோயும், சேர்ந்தே அவர்களைக் கொன்றிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜூன் இறுதியோடு பர்க்கும் வில்ஸும் இறந்தார்கள். ஜான் கிங் மட்டும் யாண்ட்ருவாந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்து, அவர்கள் கையால் உண்டு, செப்டம்பர் 15 அன்று தேடி வந்த மீட்புக் குழுவின் கண்ணில் பட்டார்.

ஆகவே பழைய பயண நூலைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘பூர்வகுடியினர் இதைத் தின்கிறார்கள்’ என்று ஒரு வரி இருக்கும். எப்படித் தின்கிறார்கள் என்பது அநேகமாக இருக்காது. நிலப்படமாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறு ஆண்டுக்கு முன் குறித்த ஊற்று இன்று வறண்டிருக்கலாம், மணலில் மூடியிருக்கலாம், அனுமதியின்றி நுழையக் கூடாத இடத்திலும் இருக்கலாம்.

தண்ணீரைக் கேட்டு வாங்கியவர்கள் ஒரு பக்கம். பிடுங்கியவர்களும் இருந்தார்கள். டேவிட் கார்னகி 1896, 97இல் மேற்குப் பாலைவனங்களைக் கடந்தார். வழியில் அகப்பட்ட பூர்வகுடி மக்களைப் பிடித்துக் கட்டிவைத்து, உப்பிட்ட இறைச்சியைத் தின்னக் கொடுத்து, தாகம் தாங்காமல் அவர்கள் தங்கள் ஊற்றுக்கு நடக்கும்படி செய்தார். இதை யாரோ துப்பறிந்து சொல்லவில்லை. 1898இல் வெளிவந்த ‘ஸ்பினிஃபெக்ஸ் அண்ட் சாண்ட்’ நூலில் அவரே நியாயம் சொல்லி எழுதியிருக்கிறார். முதல்முறை படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து ஆண்டுகளுக்குள், கால்நடை ஓட்டிச் செல்லும் பாதைக்காக அளக்கப் போன ஆல்ஃபிரட் கேனிங்கின் குழு வழிகாட்டிகளைச் சங்கிலியில் பூட்டியது. குழுவின் சமையற்காரரே புகார் சொல்ல, 1908இல் விசாரணை ஆணையம் அமைந்தது. கேனிங் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. சுமார் 1,850 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதை இன்று ஜீப் பயணிகளின் கனவு. அதைப் பற்றிய வண்ணப் புத்தகத்தை இரவல் கேட்பவர்களிடம், கார்னகியையும் சேர்த்தே கொடுக்கிறேன். வேண்டாம் என்று சொன்னவர் மிகச் சிலரே.

தலைப்புகளையும் கவனியுங்கள். புவியியலாளர் கிரெகரி 1906இல் ஏர் ஏரிப் பகுதியைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் ‘செத்த இதயம்’ என்ற தொடரை வைத்தார். 1939இல் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்த கதையை 1946இல் எழுதிய மேடிகனும் அதையே தலைப்பில் எடுத்துக்கொண்டார். அந்தச் ‘செத்த’ நிலத்தில்தான் வாங்கங்குரு மக்கள் ‘மிகிரி’ என்னும் கிணறுகளை வைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஓர் ஆள் நுழையும் அகலம், பல மீட்டர் ஆழம். ஒரு மிகிரியிலிருந்து அடுத்த மிகிரிக்கு மணல்மேடுகளுக்கு இடையே வழி தெரிந்தவர்கள் அவர்கள்.

நூலகர்கள் மறக்கக் கூடாத வழக்கு ஒன்று உண்டு. 1940இல் பிட்ஜன்ஜாரா என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த ஆண்கள் சிலர் சார்லஸ் மவுன்ட்ஃபோர்டு என்ற ஆய்வாளரை நம்பித் தங்கள் சமயத்தின் மறைபொருளான செய்திகளையும் இடங்களையும் காட்டினார்கள். அவற்றையெல்லாம் படங்களோடு சேர்த்து 1976இல் அவர் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். தீட்சை பெறாதவர்களும் பெண்களும் குழந்தைகளும் பார்க்கக் கூடாதவை கடைத்தெருவில் விற்பனைக்கு வந்ததைக் கண்டு அம்மக்கள் நீதிமன்றம் போனார்கள். நம்பிச் சொன்னதை வெளியிட்டது தவறு என்ற வாதத்தை ஏற்று, வட பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் அங்கே விற்பனைக்குத் தடை விதித்தது. கருவறைக்குள் எல்லோரும் எட்டிப் பார்ப்பதில்லை என்ற வழக்கத்தோடு வளர்ந்த நமக்கு இது புரியாத செய்தியல்ல. எங்களிடம் சில நூல்கள் திறந்த அலமாரியில் இல்லாததற்கும், சிலவற்றின் முதல் பக்கத்தில் ‘இறந்தவர்களின் பெயர்களும் படங்களும் இதில் உள்ளன’ என்ற அறிவிப்பு இருப்பதற்கும் இதுபோன்ற காரணங்கள்தான். பிட்ஜன்ஜாரா மக்கள் இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிப்பதில்லை. அதே பெயர் உயிரோடிருப்பவருக்கு இருந்தால் அவரைக் ‘குன்மனாரா’ என்று அழைப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்த அறிவிப்பைப் படித்துக் காட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள்.

ஒட்டகக்காரர்களையும் சொல்லாமல் விட முடியாது. ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து என்று பல இடங்களிலிருந்து வந்தவர்களை ‘ஆப்கான்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். உலுருவைக் கண்டதாக 1873இல் எழுதிய நில அளவையாளர் காஸுடன் கம்ரான் என்ற ஒட்டகக்காரரும் போனார். புரோக்கன் ஹில் நகரின் பழைய பள்ளிவாசலில் ஒரு நூல் குர்ஆன் என்ற அடையாளத்தோடு நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தது. வரலாற்றாய்வாளர் சாமியா காத்தூன் அதைத் திறந்து பார்த்து, அது வங்க மொழிக் கவிதை நூல் என்று கண்டார். அதிலிருந்து தொடங்கி 2018இல் அவர் எழுதிய ‘ஆஸ்திரேலியானாமா’ தெற்காசிய வாசகர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. நூற்பட்டியல் தயாரிக்கும் எனக்கு அந்தத் தவறான அடையாளம் இன்னமும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

உலுருவில் ஏறுவது எப்படி என்று சொல்லும் பழைய வழிகாட்டி நூல் வீட்டில் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அந்நிலத்தின் பூர்வகுடியினரான அனங்கு மக்களின் விருப்பப்படி 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது நிறுத்தப்பட்டுவிட்டது.

சில மாதங்களாக ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் பட்டியலில் பாலைவன நூல் ஒவ்வொன்றின் பதிவிலும் குறிப்புப் பகுதியைத் திறந்து, நூலுக்குள் வழிகாட்டியின் பெயர் இருந்தால் அதைச் சேர்க்கிறேன். ‘கறுப்புப் பையன்’ என்று மட்டும் இருந்தால், எந்த மக்களின் நிலத்தில் அது நடந்தது என்பதையாவது எழுதுகிறேன். மேடிகனுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1936இல், டெட் கோல்சன் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்தார். அவரோடு போனவர் பீட்டர் எய்ன்ஸ் என்ற அன்டகிரிஞ்சா இனத்தவர். சென்ற வாரம் ஒரு மாணவி கணினியில் எய்ன்ஸின் பெயரைத் தட்டித் தேடி, கிடைத்த நூலின் எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.