கோழிக்கு ஊசியா, நொதியமா?

“நாற்பது நாளில் கோழி இரண்டு கிலோ வருகிறதென்றால், ஓமோன் ஊசி போடாமலா?” என்று வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கொழும்பில் பல வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. பிள்ளைக்கு புறொயிலர் கொடுக்கவே தயங்குகிறார்கள்.

வளர்ச்சி ஓமோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் சமிபாட்டிலேயே சிதைந்துவிடும். ஊசியாகவென்றால் ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் திரும்பத் திரும்பப் போடவேண்டும். எந்தப் பண்ணைக்கும் அது கட்டுப்படியாகாது. வேகத்துக்குக் காரணம் பல தசாப்தத் தெரிவு இனவிருத்தியும் கணக்காகச் சேர்த்த தீனியும்தான்.

சுமார் 40 கிராம் குஞ்சு ஆறு வாரத்துக்குள் ஐம்பது மடங்காகிறது. அந்தப் பாரத்தைக் கால் எலும்பு தாங்கவேண்டும். எலும்புக்குக் கல்சியமும் பொஸ்பரஸும் வேண்டும். தீனியிலுள்ள சோளம், சோயா, அரிசித்தவிடு எல்லாவற்றிலும் பொஸ்பரஸ் தாராளமாக உண்டு. ஆனால் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் கிடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பைட்டேட் என்பது ஆறு காபன் அணுக்கள் கொண்ட ஒரு வளையம். ஒவ்வொரு காபனிலும் ஒரு பொஸ்பேட் கூட்டம். விதை முளைக்கும்போது செலவழிக்கச் செடி சேர்த்துவைக்கும் சொத்து அது. ஆறு பொஸ்பேட்டுக்கும் எதிரேற்றம் இருப்பதால், குடலுக்குள் நேரேற்றம் கொண்ட கல்சியத்தையும் நாகம் என்ற உலோகத்தையும் பிடித்து, கரையாத படிவாகிவிடுகிறது. பொஸ்பரஸும் கிடைக்காது, கல்சியமும் போய்விடும், இரண்டும் எச்சத்தோடு வெளியேறும். கோழியின் குடலில் இதை உடைக்கும் நொதியம் போதுமானதாக இல்லை.

அந்த நொதியத்தின் பெயர் பைட்டேஸ். பங்கசு அல்லது பற்றீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். 1991 முதல் சந்தையில் இருக்கிறது. நீர் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து ஒரு பொஸ்பேட்டைக் கழற்றும், பிறகு அடுத்ததை. ஒன்றிரண்டு கழன்றதுமே பைட்டேட்டின் பிடி தளர ஆரம்பிக்கிறது. தீனிப்பையிலும் அரைவைப்பையிலும் அமிலம் இருக்கும்போதே இந்த வேலை நடந்தாக வேண்டும். சிறுகுடலுக்குப் போனால் படிவு உருவாகிவிடும். இத்தனை சிறிய இடத்தில், இத்தனை குறுகிய நேரத்தில் நடப்பதை நினைக்கும்தோறும் வியப்பாக இருக்கிறது.

விடுபட்ட கல்சியம் இரத்தத்துக்கு ஏற விற்றமின் டி3 வேண்டும். கூட்டுக்குள் வளரும் கோழிக்கு வெயில் படாததால் தீனியிலேயே சேர்க்கிறார்கள். ஈரலும் சிறுநீரகமும் அதை மாற்றியமைத்த பிறகே குடல் கல்சியத்தை உள்ளெடுக்கிறது. டி3 குறைந்தால் எலும்பு மென்மையாகி, கால் வளைந்துவிடும்.

நமது அரிசித்தவிட்டில் பைட்டேட் மிக அதிகம். அதற்கேற்ற நொதியங்களை ஆராய கன்னொறுவை கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடங்களுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பைட்டேஸ் சேர்க்கும்போது சுண்ணாம்புக்கல் தூளைக் கண்ணளவில் அள்ளிப்போடாதீர்கள். மிகுதியான கல்சியம் பைட்டேட்டோடு முன்கூட்டியே சேர்ந்து, நொதியம் நெருங்கமுடியாத படிவாகிவிடும்.