பக்கக் காற்றும் எதிர்க்காற்றுதான்

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை கடற்கரையை ஒட்டி ஐந்து நாள் சைக்கிளில் போய்வந்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார். குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்டப் புறப்பட்ட குழு அவர்களுடையது. "மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது காற்று முகத்தில் அடிக்கவில்லை. இடப்பக்கம், கடலிலிருந்துதான் வந்தது. ஆனாலும் வண்டி நகரவே மாட்டேன் என்றது. எல்லாம் என் களைப்புதானா?"

களைப்பு மட்டும் இல்லை. அதே சாலையில் அதே உப்பளத்துக்குப் பக்கத்தில் நானும் திணறியிருக்கிறேன். சக்கரத்தில் பிரேக் உரசுகிறதோ என்று இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன். எதுவும் உரசவில்லை. உரசியது காற்றுதான்.

கடல் காற்று ஏன் வருகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாக. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்பக்கத்துக் குளிர்ந்த காற்று நகர்ந்து வருகிறது. கோடையில் இது வரத் தாமதமானால் சென்னை என்ன பாடு படுகிறது என்று நமக்குத் தெரியும். நகரவாசிக்கு வரமாக இருக்கும் அதே காற்று, தெற்கு நோக்கி மிதிப்பவருக்கு நாள் முழுக்க இடது தோளில் வந்து விழுகிறது.

சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றை விலக்கவே போகிறது. இந்தத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. இந்த 'வர்க்கம்' என்ற சொல்லுக்குள்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

மழை நேராகப் பெய்தாலும், வேகமாக நடக்கும்போது குடையை முன்பக்கம் சாய்க்கிறோம் இல்லையா? சைக்கிளிலும் அதே கதைதான். நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், கடல் காற்றும் சரியாக இடப்பக்கத்திலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடும் வேகத்தால் நீங்களே உண்டாக்கும் எதிர்க்காற்று 20, பக்கக் காற்று 20. உடம்பு இவற்றைத் தனித்தனியாக உணர்வதில்லை. இரண்டும் சேர்ந்து 45 பாகை சாய்வில், சுமார் 28 கிலோமீட்டர் வேகமுள்ள ஒரே காற்றாக வந்து மோதும். 20-இன் வர்க்கம் 400. 28-இன் வர்க்கம் ஏறக்குறைய 800. மொத்தத் தடை இரண்டு மடங்காகிவிட்டது. அது சாய்வாகத் தள்ளுவதால் ஒரு பகுதி உங்களை வலப்பக்கம் தள்ளும், ஒரு பகுதி பின்னால் இழுக்கும். உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே பருமன் என்று கொண்டால், பின்னால் இழுக்கும் பகுதி மட்டுமே காற்றில்லாத நாளைவிட 1.4 மடங்கு.

இதில் நான் சொக்கிப்போன இடம் ஒன்று உண்டு. தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் மட்டும் ஏறுவதாக இருந்திருந்தால், பக்கக் காற்று உங்களை ஒரு துளிகூடத் தாமதப்படுத்தியிருக்காது. பக்கவாட்டுத் தள்ளல் தனி, முன்பின் இழுப்பு தனி என்று பிரிந்து நின்றிருக்கும். வர்க்கம் என்பதால்தான் ஒரு திசைக் காற்று இன்னொரு திசைத் தடையைப் பெரிதாக்குகிறது. பக்கத்திலிருந்து வருகிற காற்று, நீங்களே உண்டாக்கிய எதிர்க்காற்றுக்குப் பலம் கொடுக்கிறது! கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். அதே 20 கிலோமீட்டர் காற்று, நேர்ப் பக்கத்திலிருந்து சுமார் 12 பாகை பின்னால் சாய்ந்து வந்தால்தான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதைவிடப் பின்னால் போனால்தான் உதவி. அதாவது லேசாக முதுகுப்பக்கம் படும் காற்றுகூட உங்களைத் தாமதப்படுத்தலாம். அன்று நீங்கள் உணர்ந்தது இந்தக் கணக்கைத்தான்.

சரி, ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு போகலாமே? முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொடுப்பார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு குறையும். நெருக்கமாக ஓட்டினால் காற்றுத் தடையில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். பெருங்கூட்டத்தின் நடுவில் இந்த மிச்சம் இன்னும் பெரிது. காற்றோட்ட ஆய்வாளர் பெர்ட் பிளாக்கனின் குழு 2018-இல் 121 சைக்கிள்கள் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தது. கூட்டத்தின் உள்ளே, தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் தடையில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே இருக்கும் இடங்கள் உண்டு என்று கண்டார்கள்.

ஆனால் காற்று சாய்வாக வரும்போது அதன் மறைவும் சாய்வாகத்தான் விழும். இடது முன்பக்கத்திலிருந்து காற்று வந்தால், மறைவான இடம் முன்னவரின் வலது பின்பக்கம். ஐரோப்பியப் பந்தயங்களில் வீரர்கள் சாலையின் குறுக்கே படிக்கட்டு போலச் சாய்ந்த வரிசையில் போவது இதனால்தான். அங்கே சாலையை மூடிவிட்டுப் பந்தயம் நடத்துகிறார்கள். நமக்கோ தெற்கே போகையில் கடல் இடப்பக்கம், நாம் ஓட்டுவதும் இடது ஓரத்தில். மறைவைத் தேடி வலப்பக்கம் ஒதுங்கினால் பேருந்துக்குமுன் போய் நிற்போம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வடக்கே திரும்பும்போது கடல் வலப்பக்கம் வந்துவிடும், மறைவு இடது ஓரத்தில் விழும். பலசாலியை வலப்பக்கம் சற்று முன்னால் விட்டு, களைத்தவரை ஓரத்தில் வைத்துக் கூட்டிவரலாம். அதுவும் பாதுகாப்பு வண்டி பின்னால் விளக்கெரிய வந்தால் மட்டும்.

பந்தய வீரரின் தலைக்கவசத்துக்குக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது விசிறியால் காற்றை வீசவைத்துச் சோதிக்கும் கூடத்தில், பல மணி நேரம் செலவிடுகிறார்கள். நல்லதுதான். மீன்கூடையும் பால்கேனும் கட்டிக்கொண்டு இதே சாலையில் தினமும் மிதிப்பவருக்காக அதில் ஒரு நாளை யாராவது ஒதுக்க வேண்டும். கூடையைப் பக்கவாட்டில் தொங்கவிடாமல் எங்கே கட்டினால் சுமை குறையும் என்பது நம் ஊர் பொறியியல் கல்லூரிகளுக்கே உரிய ஆராய்ச்சி. அதற்குப் பொதுப்பணம் கொடுப்பதில் தவறே இல்லை.

நிதி திரட்டும் குழுக்களுக்கும் ஒன்று. வண்டியில் கட்டும் கொடியும், படபடக்கும் தொளதொள டி-சர்ட்டும் நாள் முழுக்க உங்களைப் பின்னால் இழுக்கின்றன. பேனரை வேனில் கட்டுங்கள். அப்புறம், விடியலில் புறப்படுங்கள். எங்கள் பயணம் ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. எமகண்டம் முடியட்டும் என்று ஏழரை மணி வரை எங்களை நிறுத்திவைத்தார்கள். கடல் காற்று எழும்புவதற்கு முந்தைய, நிழல் நீண்டிருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் அன்றைக்கே சிறந்த நேரம். வெறும் நம்பிக்கைக்காக அதை விட்டுக்கொடுத்ததில் எனக்கு இன்றும் வருத்தம். குழுவில் அறுபதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள்; மதிய வெயிலில் அதற்கு விலை கொடுத்தது அவர்கள்தான்.

கடைசி நாளில் பாம்பன் சாலைப் பாலம் வரும். அங்கே மரமில்லை, வீடில்லை, இருபுறமும் திறந்த கடல். பக்கத்திலிருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைப்பார்கள். தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் ராமேஸ்வரம் நோக்கிப் போனால் அது உங்கள் வலப்பக்கம் அடிக்கும். உங்களை அறியாமலே காற்றின்மேல் சாய்ந்து, வலப்பக்கம் லேசாகச் சரிந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்போது ஒரு பேருந்து முந்துகிறது. ஒரு நொடி காற்று மறைகிறது. சாய்மானம் போன உடம்பு, பேருந்து இருக்கும் பக்கமே சரியும். பேருந்து கடந்ததும் காற்று திரும்ப அடித்து இடப்பக்கம் தள்ளும். அதனால் பின்னால் ஹாரன் கேட்டதுமே வேகத்தைக் குறையுங்கள், உடம்பை நிமிர்த்துங்கள், ஹேண்டில்பாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கடலை வேடிக்கை பார்ப்பதைப் பேருந்து போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.