மடிப்பு சைக்கிள் காப்பிகள்: கீலைப் பார்த்து வாங்குங்கள்

கைப்பிடித் தண்டின் கீலுக்குச் சற்று மேலே, பெயிண்டில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. "கீறல்தான், நீங்க பிரேக்கை மட்டும் பாருங்க" என்ற முன்னுரையோடுதான் இந்த வண்டிகள் பணிமனைக்கு வருகின்றன. கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கைப்பிடியை அசைத்தால், அது வாய் திறந்து மூடும். கீறல் வாய் திறக்காது. அது விரிசல், அதோடுதான் சாலையில் ஓட்டி வந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் என்றால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

லண்டனில் தயாராகும் பிராம்ப்டன் என்ற மடிப்பு சைக்கிளைப் போலவே மூன்றாக மடிந்து, அதன் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும் காப்பி சைக்கிள்களைப் பற்றித்தான் பேச்சு. எல்லாமே குப்பை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் பார்க்கிற இடம் ஒன்று, உடைகிற இடம் வேறொன்று.

முதலில், கேட்டுக் கேட்டுக் காது புளித்த வாதம்: "ரெண்டும் ஒரே ஃபேக்டரி, ஒரே அச்சு, ஸ்டிக்கர்தான் வேற." இதைக் கொஞ்சம் நிதானமாகவே பிரித்துப் போட வேண்டியிருக்கிறது. ஸ்டீல் பிரேமுக்கு அச்சு என்று ஒன்று கிடையாது. குழாய்களை வெட்டி, வளைத்து, ஜிக்கில் (அவற்றை நகராமல் பிடித்து வைக்கும் சட்டம்) பூட்டி, ஒவ்வொரு மூட்டாக இணைக்கிறார்கள். அந்த ஜிக் எவ்வளவு துல்லியம், இணைத்தவர் கை எவ்வளவு பக்குவம், பிறகு அளந்து பார்த்தார்களா என்பதில்தான் பிரேமின் தரம் இருக்கிறது. பிராம்ப்டனின் ஸ்டீல் பிரேம் லண்டனில் பிரேஸிங் முறையில் இணைக்கப்படுகிறது. பித்தளை உருகி மூட்டுக்குள் ஓடும், குழாயின் ஸ்டீல் உருகாது, அதனால் வளைவதும் குறைவு. இணைத்தவர் தன் அடையாள முத்திரையையும் பாகத்தில் குத்துவார். ஒரு மூட்டு பிசகினால் யார் கை என்று தெரியும். காப்பிகளில் பெரும்பாலும் டிக் வெல்டிங், அதாவது குழாயின் ஓரங்களையே மின்பொறியில் உருக்கி இணைப்பது. அதிலும் குறையில்லை, நன்றாகச் செய்தால் ஆயுள் முழுக்க நிற்கும். ஆனால் வெல்டிங் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும். பிறகு நேராக்கி அளந்தார்களா என்பதற்கு வண்டியில் எந்தச் சாட்சியும் இருக்காது.

"ஒரே ஃபேக்டரி" கதைக்கு ஒரு வேர் உண்டு. 1990களில் தைவானில் ஒரு நிறுவனம் முறையான உரிமத்தோடு பிராம்ப்டனைத் தயாரித்தது, பிறகு உறவு முறிந்தது. முதல் தலைமுறைக் காப்பிகள் அந்த வழியில் வந்தவை. அந்தப் பழங்கதையை வைத்துக்கொண்டு இன்றைய எல்லாக் காப்பிக்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது. பிராம்ப்டனின் மடிப்பு முறைக்கான காப்புரிமை காலாவதியானதும் உண்மைதான். அதனால் மடிக்கும் முறையை யாரும் பயன்படுத்தலாம். கீல் முகங்கள் எத்தனை மைக்ரான் பிசகலாம் என்பது காப்புரிமை ஆவணத்தில் எழுதியிருக்காது, காப்புரிமை காலாவதியானதோடு அந்தத் துல்லியம் கைக்கு வந்துவிடவும் செய்யாது.

இனி கீல். பிரேமின் நடுவில் மடியும் நடுக்கீலில் இரண்டு சரிந்த முகங்களை ஒரு பிளேட் கவ்வி இழுக்கிறது. லீவரை இறுக்க இறுக்க, பிளேட்டின் சாய்வு இரண்டு முகங்களையும் ஒன்றோடு ஒன்று அழுத்தும். பிளேட்டின் உள்பக்கம் கீலின் முதுகில் போய் முட்டக் கூடாது, இடையில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். தேய்ந்த பிளேட்டும், முதலிலேயே அளவு பிசகிய பிளேட்டும் முட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் லீவர்தான் இறுகுமே தவிர, கீல் இறுகாது. "நல்லா டைட்டாத்தான் இருக்கு" என்று நம்பி ஓட்டுவது இந்த நிலையில்தான். ஒரிஜினலிலும் பிளேட் தேயும். ஆனால் அதே அளவில் புதுசு வாங்கிப் போடலாம். பெயரில்லாத காப்பிக்கு எதை வாங்குவது?

கைப்பிடித் தண்டுக் கீல் இன்னும் மோசமான இடம். மேலே நீளமான தண்டு, கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலக் கீல். நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது கையால் இழுக்கிற விசை கீலில் பல மடங்காக இறங்கும். ஒரிஜினலின் வழக்கமான மாடலில் இந்தத் தண்டு ஸ்டீல். எடை குறைவு என்று விளம்பரம் செய்ய, காப்பிகள் பலவற்றில் அலுமினியம். அலுமினியத்துக்குக் களைப்பு எல்லை, அதாவது எத்தனை முறை விழுந்தாலும் உடைக்காத விசை அளவு, கிடையாது. சிறு விசைகூடத் திரும்பத் திரும்ப விழுந்தால் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதற்கேற்ற கனத்தில் செய்தால் தாங்கும். எடையையும் குறைத்து விலையையும் குறைத்தால், கனத்தில்தான் கை வைத்திருப்பார்கள்.

பின் சக்கரத்தைத் தாங்கும் பின் முக்கோணத்தின் கீல் உயிருக்கு உடனே ஆபத்தில்லை, காசுக்கு ஆபத்து. அங்கே இரண்டு புஷ்களை (அச்சுத் தண்டு சுழலும் உள்வளையங்கள்) அழுத்தி ஏற்றி, துளையைத் துல்லியமாகச் சீவும் ரீமரை ஒரே நேர்கோட்டில் ஓட்டி, அச்சுத் தண்டுக்குப் பொருத்த வேண்டும். ரீமர் ஓட்டாமல் தட்டி ஏற்றியவை சீக்கிரமே ஆட்டம் கொடுக்கும். வண்டி வால் ஆட்டுவது போல இருக்கும், செயின் கழலும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். அந்த அளவு புஷ் கிடைக்காவிட்டால் முக்கோணத்தையே மாற்ற வேண்டும்.

நல்லதையும் சொல்லிவிடலாம். கியர் எண்ணிக்கை, ரிம், ஹப், சீட் போன்றவற்றில் சில காப்பிகள் தாராளம். வெளி கியர் நீட்டிக்கொண்டிருப்பதால் மடித்த அளவு ஒரிஜினலின் 645 × 585 × 270 மி.மீ.யை விடச் சற்றுப் பெருக்கும், அவ்வளவுதான். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், உதிரிப் பட்டியல், ஐ.எஸ்.ஓ. 4210 (சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம்) சோதனை அறிக்கை இந்த நான்கும் கேட்டால் கிடைக்கிற காப்பி என்றால் யோசிக்கலாம். ஒரிஜினலிலும் கோளாறு வந்ததுண்டு. 2014 முதல் 2017 வரை செய்த வண்டிகளில் பாட்டம் பிராக்கெட் அச்சு (பெடல் கிராங்குகளை இணைக்கும் தண்டு) உடையக்கூடும் என்று தெரிந்ததும், 2018-ல் திரும்ப அழைத்து மாற்றிக்கொடுத்தார்கள். வரிசை எண்ணும் பதிவேடும் இருந்ததால்தான் முடிந்தது. ஒரிஜினல் ஸ்டிக்கர் ஒட்டிய போலியை மட்டும் எந்த விலைக்கும் தொடாதீர்கள். பெயரிலேயே பொய் சொல்கிறவர் வெல்டிங்கில் உண்மையாக இருக்க மாட்டார். வரிசை எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்திடமே கேட்டுச் சரிபாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? இன்றே இதைச் செய்யுங்கள், பத்து நிமிடம்தான். வண்டியைத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்: கைப்பிடிக் கீலுக்கு மேலும் கீழும், நடுக்கீலின் இரு பக்க வெல்டிங் ஓரங்களில், சீட் குழாயின் மேல் வெட்டு முடியும் இடத்தில், பின் முக்கோணம் கீலோடு சேரும் இடத்தில். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள், இன்னொரு கையின் விரல் ஒவ்வொரு கீலின் இணைப்புக் கோட்டுக்கும் குறுக்கே இருக்கட்டும். டிக் டிக் என்று விரலில் தட்டினால் அந்தக் கீல் ஆடுகிறது. கீல் தட்டாமல் ஃபோர்க்கின் கழுத்தில் தட்டினால் அது ஹெட்செட் பேரிங், அதை இறுக்கினால் போதும். அடுத்து சீட்டை அசையாமல் பிடித்து, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள்.

சீட் போஸ்ட் இறங்குகிறதா என்று பார்க்க, குழாய் விளிம்பை ஒட்டி ஒரு டேப்பைச் சுற்றி, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். இறங்கியிருந்தால் ஆல்கஹாலால் போஸ்ட்டைத் துடையுங்கள். கிரீஸ் போட்டுவிட்டு "இறங்குது" என்று வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது: பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் நிற்கும் போஸ்ட்டில் கிரீஸ் கூடாது. துடைத்தும் இறங்கினால் ஸ்லீவ் தளர்வு, அதை மாற்ற வேண்டும். லீவரை மேலும் மேலும் முறுக்கினால் கவ்வியின் காதுதான் பிளக்கும்.

டயர் வாங்கும்போது "16 இன்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். பிராம்ப்டன் ரிம் 349 மி.மீ., காப்பிகள் சிலவற்றில் 305 மி.மீ. இரண்டுமே 16 இன்ச் என்றுதான் விற்கின்றன. பழைய டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, தயவுசெய்து ஒரு வேண்டுகோள். விரிசல் விட்ட கீலுக்கு வெல்டிங் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். அலுமினியம் என்றால் அந்தச் சூட்டில் அதன் பதமே போய்விடும், மறுபடி வெப்பப் பதமேற்றாமல் பழைய பலம் வராது. ஸ்டீல் என்றால் கீல் முகங்கள் கோணி, கவ்வவே கவ்வாது. தண்டில் விரிசல் என்றால் தண்டை மாற்றலாம், பொருந்தும் அளவு கிடைத்தால். பிரேமிலேயே விரிசல் என்றால் சக்கரம், கிராங்க், சீட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெற்று பிரேமைப் பழைய இரும்புக்குப் போடும் முன், கீலை ஒட்டி ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, மறுபடி விற்றுவிடுவார்கள்.